ஆறாம் வகுப்புப் பெட்டி

ஆறாம் வகுப்பின் மூலையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குக் காவல் கடுகு. ஆள் சிறியவள் என்பதால் வைத்த பெயர். வாய் சிறியதல்ல என்பது வைத்தவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெட்டியை வைக்கச் சொன்னவர் அறிவியல் டீச்சர். கெட்டுப்போன போன், சார்ஜர், ரிமோட்டை எல்லாம் குப்பையில் போட்டால் அவற்றில் உள்ள நஞ்சு மண்ணில் இறங்கும், பிரித்தெடுக்கிற இடத்துக்கு அனுப்பினால் உள்ளே இருக்கும் செம்பு மறுபடி உதவும் என்று பாடம் நடத்தியிருந்தார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை அதோடு விடாமல் ஒரு போட்டியும் வைத்தார். எந்த வகுப்பின் பெட்டி அதிக எடையோ, அந்த வகுப்பு கோளரங்கம் போகலாம்.

அன்றிலிருந்து பாடம் மறந்துபோனது. எடை மட்டும் நினைவில் நின்றது.

கடுகுக்குச் சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க ஆசை. புத்தகத்தில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் பெட்டி நிறைய நிறைய அவளுக்கு மனம் குளிர்ந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி பாடத் தொடங்கியது.

கடுகு உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு போனை எடுத்தாள்.

“யார் பேசுறது?” என்றது ஒரு பெண் குரல். “என் போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? காலையிலேர்ந்து வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன்.”

“ஆறாம் வகுப்புப் பெட்டியிலேர்ந்து பேசுறேன், ஆன்ட்டி,” என்றாள் கடுகு. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின் பெஞ்சில் ரேடியோ திருதிருவென்று விழித்தான். ஓயாமல் பேசுவதால் அவன் ரேடியோ. அன்று மட்டும் சத்தமே இல்லை.

“உங்கம்மா போனாடா?”

“மூலை உடைஞ்சிருக்குல்ல. பழசுதானேன்னு கொண்டுவந்தேன்.”

கடுகு பெட்டியைக் கவிழ்த்தாள். தொப்பென்று ஓர் இஸ்திரிப் பெட்டி விழுந்தது.

“இது கெட்டுப்போச்சா?”

“நல்லா சூடாகும்,” என்றாள் அதைக் கொண்டுவந்தவள். “கனமா இருந்துச்சு, அதான்.”

“வீட்டுல என்ன பண்றாங்க?”

“அப்பா கசங்கின சட்டையோட ஆபீஸ் போறாரு. இன்னிக்குச் சாயங்காலம் புதுசு வாங்கப் போறாராம்.”

குப்பையைக் குறைக்க வைத்த பெட்டி இது. நல்ல பொருளை இது விழுங்கினால் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வரும், ஒரு நாள் அதுவும் குப்பையாகும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

“வீட்டுல தேடுற பொருளெல்லாம் வெளியே வரணும்,” என்றாள்.

“எடுத்தா ஏழாம் வகுப்பு ஜெயிச்சிடும்,” என்றான் ரேடியோ. “சனி வளையம் பார்க்கணும்னு நீதானே சொன்னே?”

“பார்க்கணும்தான்.” கடுகு போனை அவனிடம் நீட்டினாள். “அதுக்காக உங்கம்மா போன் இல்லாம இருக்கணுமா?”

ரேடியோ அதை வாங்கிப் பையில் வைத்தான். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் வந்து எடுத்துக்கொண்டார்கள். பெட்டி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பேர் கடுகோடு டூ விட்டார்கள்.

எடை போடும் நாள் வந்தது. ஏழாம் வகுப்புப் பெட்டியை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். கடுகு தன் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தாள்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. “என்னம்மா, இவ்வளவுதானா? ஆறாம் வகுப்பு தூங்கிடுச்சா?”

“இல்ல டீச்சர். இதெல்லாம் கெட்டுப்போனது. மீதியெல்லாம் வீட்டுல வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அவர் பார்வை ஏழாம் வகுப்புப் பெட்டிக்குப் போனது. அதற்குள்ளிருந்து ஒரு மேசை விசிறி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என் ரூம் விசிறி,” என்றார். “நேத்திலேர்ந்து வெந்துக்கிட்டு இருக்கேன்.”

ஏழாம் வகுப்பு முழுவதும் தரையைப் பார்த்தது.

“எடையை வச்சுப் போட்டி வச்சேனே, என்னைச் சொல்லணும்.” அவரே விசிறியை வெளியே எடுத்தார். “தேடுற பொருளையெல்லாம் எடுங்க. அப்புறம் நிறுக்கலாம்.”

எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பெட்டியில் ஒரு ரிமோட்டும் சில சார்ஜர்களும்தான் மிஞ்சின.

கோளரங்கம் போகிற பேருந்தில் ஜன்னலோர இடம் கடுகுக்கு. பின் இருக்கையில் ரேடியோ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான். “நல்ல பொருளைத் திருப்பி எடுத்துட்டுப் போகலாம்னு முதல்ல சொன்னதே நான்தான்.”

கடுகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கோளைப் பார்க்கப் போகிறவளுக்கு ரேடியோவோடு சண்டை போட ஏது நேரம்?