4.41-க்கு அழிந்த ஃபைல்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன். மாலை 4.55.

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தான் ஃபிரெடி!

பஸ்ஸுக்கு நின்றவர்கள் அலறினார்கள். எதிர் டீக்கடையிலிருந்து தங்கை ஜெரூஷா ஓடி வருவதற்குள்... உயிர் போயிருந்தது.

மேலே இருந்த கேம் கம்பெனியில்தான் அண்ணன் தங்கை இருவருக்கும் வேலை. ஃபிரெடி நாலு வருடம் ராப்பகலாக எழுதிய கேமை, முதலாளி தோத்தாத்ரி அன்று காலைதான் ரத்து செய்திருந்தார். நாலு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி!

"மனசு ஒடஞ்சு குதிச்சுட்டான் மேடம்," என்று இன்ஸ்பெக்டர் சுபத்ராவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார் தோத்தாத்ரி. தான் நாலு மணியிலிருந்தே மாடம்பாக்கம் கோயிலில், பிரதோஷக் கூட்டத்தில் நின்றதாகவும் சொன்னார்.

ஜெரூஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனா குதிக்கிற ஆள்?

மத்தியானம்தான் ஃபிரெடி அவளிடம் கொதித்திருந்தான். கேமுக்குள் ஒரு திருட்டு ஃபைல்! சோதனைக்கு விளையாடிய பெண்களின் போட்டோக்களை போனிலிருந்து உருவுகிற வேலை. முதலாளி வெளியாள் வைத்து எழுதி வாங்கியது. சாயங்காலம் நேரில் கேட்கிறேன் என்றிருந்தான்.

ஜெரூஷா சொன்னதை சுபத்ரா நம்பினாள். ஆனால் ஆதாரம் வேண்டுமே? கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார் தோத்தாத்ரி.

மூன்றாம் நாள். தாம்பரத்தில் துக்கப் பிரார்த்தனை; தோத்தாத்ரியும் வந்திருந்தார். வாய்வரை வந்த வசவை ஜெரூஷா மென்று விழுங்கினாள்.

"அண்ணன் ஞாபகமா அவன் எழுதின கேமோட சோர்ஸ் கோடை ஊருக்கே குடுத்துடலாம் சார். முழுசா."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நல்ல பேர் சும்மா கிடைக்கிறதே... விடுவாரா?

"தாராளமா எடுத்துக்கோம்மா."

அந்த ஃபைலைத்தான் அழித்தாயிற்றே என்ற தைரியம்!

மறுநாள் காலை இணையத்தில் ஏற்றினாள். பெருமையாகப் பேட்டி கொடுக்கக் கிளம்பிய தோத்தாத்ரியை ஆபீஸ் வாசலிலேயே மறித்தது போலீஸ் ஜீப். பக்கத்தில் ஜெரூஷா.

"அழிச்சா போயிடும்னு நெனச்சீங்களா சார்? யாரு, எப்ப, எதை அழிச்சாங்கன்னு கோடோட சேர்ந்து பதிவாகும். அழிச்சதும் உள்ளயேதான் கெடக்கும். கேம் கம்பெனி முதலாளிக்கு இதுகூடத் தெரியல! அன்னிக்கு சாயங்காலம் 4.41. உங்க பேரு."

தோத்தாத்ரி அவசரமாகச் சொன்னார்: "அது... கோயில்லேர்ந்து, லேப்டாப்ல..."

"கோயில்லேர்ந்தா?" ஜெரூஷா அவர் முன்னால் போய் நின்றாள். "ஆபீஸைத் தாண்டினா கோடு தொறக்கவே கூடாதுன்னு பூட்டு போட வெச்சது யாரு? நூத்தி மூணு ஜுரத்துல கெடந்த என்னை ஆட்டோ புடிச்சு வரச் சொன்னீங்களே... மறந்துடுச்சா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தோத்தாத்ரி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழிச்சப்புறமும் விடல... போலீஸுக்குப் போறேன்னான். ஆத்திரத்துல தள்ளிட்டேன்..."

சுபத்ரா ஜீப் கதவைத் திறந்தாள்.

"நாலு பேர்கூடப் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னீங்களாமே? காலைலேர்ந்து நாலாயிரம் பேர் பார்த்தாச்சு. நாங்கதான் லேட்டு. ஏறுங்க!"