பிளாக்கி இரண்டு முறை குரைத்தது

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே ஒரு சின்ன அறை ரமணியின் அலுவலகம். காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காகப் பல வருடம் பொய்க் கேஸ்களைத் தோண்டிப் பார்த்துச் சலித்துப்போய், சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்துவிட்டவர் அவர். அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையைத் தீர்த்து வைக்கத்தான் வேலாயுதம் இருந்தார். காரோட்டி, உதவியாளர், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்பவர் என்று மூன்று வேலையும் அவருக்கு.

தைப்பூசம் முடிந்த வாரத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஷஹானா படியேறி வந்தாள். துப்பட்டா முழுக்க நனைந்திருந்தது. உட்காருங்கள் என்று ரமணி சொன்னதே அவள் காதில் விழவில்லை.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு லோக்கப்ல இருக்காரு. ஒரு நாய் குரைச்சதுக்காகப் புடிச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு ரிமாண்ட் முடியுது, கோர்ட்டுல நிறுத்தப் போறாங்களாம். அந்த ஆச்சி ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கல. அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா கொலைக் கேஸாம், அக்கா!"

வேலாயுதம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தார். ரமணி தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது.

அவள் கணவன் ஜுஹைர் கிள்ளானில் துணி வியாபாரி. கடைக்கு வர முடியாத வாடிக்கையாளர்களுக்குச் சேலைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுவான். சோலையப்பன் செட்டியாரின் மனைவி சிவகாமி ஆச்சி அவனிடம் பல வருட வாடிக்கை. அந்த வீட்டு நாய் பிளாக்கிக்கு மட்டும் அவனைக் கண்டால் ஆகாது. தாடி, தொப்பி, நீளமான ஜுப்பா என்று அவன் வந்து நின்றாலே தலைகீழாகக் குதிக்கும். ஒருமுறை ஜுப்பாவைக் கிழித்தும் விட்டது. அதற்குப் பிறகு அவன் தெருமுனையில் நின்று போன் செய்வான். ஆச்சி நாயைப் பின்கட்டு ஸ்டோரில் அடைத்துவிட்டுக் கேட்டைத் திறப்பார்.

"தைப்பூசத்தன்னிக்கு மத்தியானம் போன் பண்ணியிருக்காரு. யாரும் எடுக்கல. சரி, எட்டிப் பாப்போம்னு போனா, ஆச்சி ரத்தத்துல கெடந்தாங்களாம். தூக்கப் போயி இவரு ஜுப்பாவெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணதே இவருதான். ஆனா பக்கத்து வீட்டு ஆன்டி, நாய் பயங்கரமா குரைச்சுச்சு, அவரைக் கண்டாதான் அப்படிக் குரைக்கும்னு சொல்லிட்டாங்க. செட்டியாரும் அதையே சொல்லிட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் உள்ளே போனப்போ நாய் எங்கே இருந்துச்சு?"

"ஆச்சி பக்கத்துல. சங்கிலி ஆச்சி கையில சுத்தியிருந்துச்சாம். குரைச்சுச்சே தவிர, ஆச்சியை விட்டு நகரலையாம்."

ரமணி எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

*

கிள்ளானுக்குப் போகும் வழியெல்லாம் வேலாயுதம் வாயை மூடவில்லை. "மேடம், நான் சொல்றேன் பாருங்க, இது வீடு வீடா ரொட்டி விக்கிற ஆளு வேலை லா. இல்லாட்டி திருட வந்தவன்." பின்சீட்டில் ஷஹானா விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் யார்மீது பழி விழுந்தாலும் சம்மதம்.

கேட்டுக்குள் கால் வைத்ததும் பிளாக்கி பாய்ந்து வந்தது. தூணில் கட்டியிருந்ததால் வேலாயுதம் தப்பித்தார். ரமணியை அது சட்டையே செய்யவில்லை. வேலாயுதத்தின் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்துத்தான் பல்லைக் காட்டியது. "அண்ணே, தொப்பியைக் கழட்டுங்க" என்றார் ரமணி. கழற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது.

சோலையப்பன் வாசலுக்கு வந்தார். பல நாள் தூங்காத முகம். ஷஹானாவைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணை ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க? நாயே சாட்சி சொல்லிடுச்சு. இந்த ஆளுங்களைக் கண்டாலே அதுக்கு ஆகாது."

"உங்க நாய்க்கு யார் எந்த மதம்னு தெரியுமா, சார்?"

பக்கத்து வீட்டு அமுதவள்ளி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட உடனே வந்துவிட்டார். பார்த்ததைச் சொல்ல ஆளில்லாமல் தவித்தவர் போலிருந்தது.

"அது ஹெல்மெட் போட்டவனைப் பாத்தாலும் குரைக்கும்மா. டர்பன் கட்டிக்கிட்டு ஒருத்தரு கோரைப்பாய் விக்க வருவாரு, அவரையும் விடாது. அட, நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு வந்தேன், என்னையே கடிக்க வந்துச்சு! 'டேய், நான்தான்டா'ன்னு கத்துனதும் வாலை ஆட்டுச்சு."

"அன்னிக்கு எப்படிக் குரைச்சுச்சு?"

"மொதல்ல வெறி புடிச்ச மாதிரி குரைச்சுச்சு. சரி, ஜுஹைர் தம்பி வந்துட்டாருன்னு நெனச்சு நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் அடங்கிடுச்சு. துணியெல்லாம் போட்டு முடிச்சு உள்ள போனப்புறம் மறுபடி குரைச்சுச்சு. 'ஆச்சி, ஆச்சி, யாராவது வாங்க'ன்னு சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்தா இவரு ரத்தத்தோட குனிஞ்சு நிக்கிறாரு."

"ரெண்டு தடவை குரைச்சுச்சுன்னு போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையேம்மா."

ரமணி முன்வாசலைச் சுற்றிப் பார்த்தார். படியின் ஓரத்தில் கறுத்த கறை. ஆச்சியின் தலை மோதிய இடம் அதுதான். அங்கிருந்து தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில், மழை படாத வெள்ளைத் தரை ஓட்டின்மேல் இன்னொரு சிவப்புக் கறை. சோலையப்பன் அதைச் சுட்டிக் காட்டினார்.

"எவ்வளவு ரத்தம் பாருங்கம்மா. கழுவ மனசே வரல."

ரமணி கைக்குட்டையை நனைத்து இரண்டாவது கறையின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். அதை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, நல்ல சேலை கட்டியிருக்கிறோம் என்ற கவலையே இல்லாமல் தரையில் மண்டியிட்டு, செருப்பு அலமாரிக்கு அடியில் கையை விட்டார். ஒரு பித்தளைத் தட்டு வந்தது. அதில் ஒட்டிக் காய்ந்துபோன வெற்றிலை ஒன்று, நடுவில் கருகியிருந்தது.

வேலாயுதம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். ரமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க, சார்?"

"பத்துமலையில. எங்க சங்கத்து தண்ணீர்ப் பந்தல்ல சாயங்காலம் வரைக்கும். மகன் முத்தையாவும் அங்கதான். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டு, மொட்டை போட்டுப் பால்குடம் எடுத்தான். காலையிலேர்ந்து மௌன விரதம் வேற. பால்குடம் செலுத்திட்டுக் கூட்டத்துல எங்கயோ இருந்திருக்கான். நான் போன் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அன்னியிலேர்ந்து அம்மா கட்டிலை விட்டு நகரல. டாக்டர், அம்மாகிட்டப் பேசிக்கிட்டே இருங்க, காது கேக்கும்னு சொல்றாரு. இவன் வாயே திறக்க மாட்டேங்கிறான்."

"பிளாக்கிக்குச் சாப்பாடு யார் வைக்கிறது?"

"எப்பவும் அவன்தான். இப்ப நான் வைக்கிறேன், அது மூந்துகூட பாக்கல. நாளைக்கு முனிசிபல் கவுன்சில் ஆளுங்க வந்து கொண்டுபோயிடுவாங்க. முத்தையாதான் சொன்னான், இந்த நாய் இனிமே வேண்டாம்பான்னு."

ஷஹானாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நாயும் போயிட்டா எங்களுக்குன்னு பேச என்ன இருக்கு?" என்றாள். குரைத்தே அவள் கணவனை மாட்டிவிட்ட நாய் அது. அதைப் போய் நம்பிக்கொண்டிருக்கும் நிலைமைக்கு அவள் வந்திருந்தாள்.

"சார், முத்தையாவை ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார் ரமணி.

*

முத்தையா வந்தபோது மழை விட்டிருந்தது. இருபத்தைந்து வயதுக்காரன், ஒரு வாரத்தில் ஐம்பது வயது ஆகியிருந்தான். தலையில் கம்பளித் தொப்பி. இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்.

"கால்ல என்ன, தம்பி?"

"மலை ஏறினது" என்றான்.

நாயை அதற்குள் பின்கட்டில் அடைத்திருந்தார்கள். சோலையப்பன், அமுதவள்ளி, ஷஹானா, முத்தையா நால்வரையும் ரமணி வாசலில் உட்கார வைத்தார். தாம் நின்றுகொண்டே பேசினார்.

"ஜுஹைர் வந்தா ஆச்சி என்ன செய்வாங்க? நாயை ஸ்டோர்ல அடைப்பாங்க. அன்னிக்கு அடைக்கல. சங்கிலியோட முன்வாசல்லதான் இருந்துச்சு. அப்படின்னா அவங்க கேட்டைத் திறந்தது ஜுஹைருக்கு இல்ல. நாயை அடைக்க வேண்டாத ஒருத்தருக்கு."

"அப்ப அது ஏன் குரைச்சுச்சு?" என்றார் சோலையப்பன். "தெரிஞ்ச ஆளைப் பாத்துக் குரைக்காதே."

"அமுதவள்ளி அம்மாவைப் பாத்துக் குரைச்சுச்சே! எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்ணீங்க. நாய் குரைச்சா வேத்து ஆளுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நாய்க்கு ஆளு கணக்கில்ல, உருவம்தான் கணக்கு. தொப்பி, துண்டு, டர்பன்னு தலை மாறிடுச்சுன்னா ஆளே மாறிட்டாருன்னு நெனைக்குது. குரலைக் கேட்டா அடங்கிடும்." ரமணி கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். துடைத்த இடம் மஞ்சளாக இருந்தது. "சார், கேட்டுப் பக்கத்துல இருக்கிறது ரத்தம் இல்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி. ஆரத்தி."

பித்தளைத் தட்டை அவர் திண்டின்மேல் வைத்தார்.

"வெற்றிலையில சூடம் எரிஞ்சிருக்கு. ஆளு வாசலுக்கு வந்தப்புறம்தான் சூடம் ஏத்துவாங்க. சேலை விக்க வர்றவருக்கு யாராவது ஆரத்தி எடுப்பாங்களா? நேர்த்தி முடிச்சுட்டு வீட்டுக்கு வர்ற பிள்ளைக்குத்தான் ஒரு அம்மா எடுப்பாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "அண்ணே, நாயைக் கூட்டிட்டு வாங்க. தம்பி, தொப்பியைக் கழட்டுங்க."

முத்தையா அசையவில்லை. அவன் அப்பாவே எழுந்து போய்த் தொப்பியை உருவினார். மழுங்கச் சிரைத்த தலை.

வேலாயுதம் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தபடி பிளாக்கியைக் கொண்டுவந்தார். அந்தத் தலையைப் பார்த்ததும் அது வெறி பிடித்ததுபோல் குரைத்துக்கொண்டு எம்பியது. வேலாயுதம் தூணில் முட்டிக்கொண்டு சமாளித்தார். "இதே மாதிரிதான்! மொதல்ல குரைச்சது இப்படித்தான்!" என்று கத்தினார் அமுதவள்ளி.

"டேய், அது நம்ம முத்தையாடா!" சோலையப்பன் அலறியது நாயின் காதில் ஏறவில்லை.

"நீங்க கூப்பிடுங்க, தம்பி" என்றார் ரமணி. "அன்னிக்குக் கூப்பிட முடியல. இன்னிக்கு முடியும்."

ஷஹானா முத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாயின் பக்கம் ஒரு அடி வைத்தான்.

"பிளாக்கி..."

குரைப்பு நின்றுவிட்டது. காதைத் தூக்கிக் கேட்டது. "பிளாக்கி, நான்தான்டா." அவ்வளவுதான், நாய் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து அவன் பாதத்தை நக்க ஆரம்பித்தது. கால்சட்டை விலகியதில் கணுக்காலின் கட்டு தெரிந்தது. மலை ஏறிய கால் அல்ல, பல் பட்ட கால். அவன் அப்படியே உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"மொதல் வார்த்தை அம்மாகிட்டதான் பேசணும்னு வேண்டிக்கிட்டேன். ஆரத்தி எடுத்து, தண்ணி குடுத்தப்புறம் 'அம்மா, வந்துட்டேன்'னு சொல்லணும். நடுவுல வாயைத் தொறந்தா அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு பயம். அதுக்காக அப்பாகிட்டகூட சொல்லாம ரயில் ஏறி வந்தேன். இது பாஞ்சு கால்ல கடிச்சப்போகூட நான் வாயைத் தொறக்கல. அம்மாதான் தட்டைப் போட்டுட்டு ஓடி வந்து சங்கிலியைக் கையில சுத்திப் புடிச்சு இதை வாசப்படிக்கு இழுத்துட்டுப் போனாங்க. இது இழுத்த இழுப்புல படியில விழுந்துட்டாங்க. அசையவே இல்ல. செத்துட்டாங்கன்னு நெனச்சு ஓடிட்டேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அடங்கியிருக்கும். ஒரே ஒரு வார்த்தை!"

போலீஸில் தாம் சொன்னதெல்லாம் சோலையப்பனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஷஹானாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்குப் பேசாம இருந்தது விரதம். சரி" என்றாள் முத்தையாவிடம். "அதுக்கப்புறம் இத்தனை நாளு? என் புள்ள முஸ்அப் தினமும் வாப்பா எங்கன்னு கேக்குறான். நீங்க ஓடிப்போன எடத்துக்கு அவரு வந்தாரு. உங்க அம்மா இப்ப மூச்சு விடுறாங்கன்னா அது அவரு பண்ண போனாலதான்."

அவன் நாயின் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தான். "போலாம்" என்று மட்டும் சொன்னான்.

*

போலீஸ் நிலையத்தில் எல்லாம் எழுதி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஜுஹைர் வெளியே வந்தபோது அதே ரத்தக்கறை ஜுப்பாவைக் கையில் சுருட்டி வைத்திருந்தான். தாடி கலைந்திருந்தது. மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி எப்படி இருக்காங்க?" என்பதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தையா அதைக் கேட்டான்.

விசாரணை இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் அம்மாவைப் பார்க்க அவனை அனுமதித்தார்கள். வேலாயுதம்தான் காரோட்டினார். அதிசயமாக வழியெல்லாம் பேசவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் மட்டும், "மேடம், அந்தம்மா கண்ணு முழிச்சிடுவாங்கல்ல?" என்று கேட்டார்.

"தெரியாது, அண்ணே" என்றார் ரமணி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவகாமி ஆச்சி கிடந்தார். சங்கிலி அறுத்த மணிக்கட்டில் கட்டு. முத்தையா கட்டிலருகே போய் நின்றான். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தான். அம்மாவின் காதருகே குனிந்தான்.

"அம்மா" என்றான். "வந்துட்டேன்."