நாற்பத்தொரு சுவிட்சுகள்

காப்பி ஆறுவதற்குள் நாற்பத்தொரு சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். கணினியைத் திறந்ததும் ஜெசிந்தாவுக்கு அதுதான் முதல் வேலை. அமைப்புகள் பக்கத்துக்குப் போய் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அணைப்பாள். மறுநாள் பார்த்தால் அத்தனையும் மறுபடி பச்சையாகப் பல்லிளித்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அணைத்ததை ஞாபகம் வைத்திருக்கச் சொல்லவில்லை. சட்டம் எழுதிய புண்ணியவான்களுக்கு அது தோன்றவில்லை போலும்.

தூத்துக்குடியில் இப்போது இத்தனை பாடுபடுகிறவர் வேறு யாருமில்லை. தன்னைத் தொடுகிறவரைப் பற்றிக் கணினி மேலிடத்துக்கு அனுப்பும் தகவலுக்கு உளவோலை என்று பெயர்; படித்தவர்கள் டெலிமெட்ரி என்பார்கள். அதை நிறுத்தத்தான் அந்தச் சுவிட்சுகள். ஆனாலும் அது போய்க்கொண்டிருப்பதை எல்லோரும் காற்று வீசுவதைப் போல ஏற்றுக்கொண்டாயிற்று.

"விடேன் ஜெசி, போனா போவுது. நம்மட்ட என்ன ரகசியம் இருக்கு?" என்பான் அவள் கணவன் சேவியர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், ஐம்பதைத் தாண்டியவன்.

ரகசியம் இருந்தது. தை மாதத்திலிருந்து அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நடுங்குகிறது. அவளுக்குத் திரையில் பல்செட் வடிவமைக்கும் வேலை. அதற்கு, கை நிதானமாக இருக்கிறது என்று வாரியம் தரும் கைச்சான்று வேண்டும். சேவியரின் கிரேனுக்கும் அதேதான். விரல் தடுமாறுவதை உளவோலை சொல்லிவிட்டால் சான்று ரத்தாகும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. இருபது வருடம் பழகிய வேலை. அது போய்விட்டால் தான் யாரென்றே அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாதா கோயில் திருவிழா முடிந்ததும் சேவியரிடம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் திரையில் கடிதம் வந்தது. கைச்சான்று ரத்து. குடும்பத்தினர் என்ற முறையில் சேவியருக்கும் ஒரு நகல் போயிருந்தது.

வாரியத்தை அழைத்தாள். எடுத்த அதிகாரி பரிவாகத்தான் பேசினார்.

"எல்லாத்தையும் தினமும் அணைச்சேனே சார். பெறகு என் வேலைய எப்படிப் பாத்தீங்க?"

"உங்க வேலைய நாங்க பாக்கலம்மா. அணைச்சா பாக்கக்கூடாது, அது சட்டம். நீங்க அணைக்கிறதைத்தான் பாத்தோம்."

அவளுக்கு விளங்கவில்லை.

"தினமும் ஒரே நேரம், அதே நாற்பத்தொரு சுவிட்ச். தையில மூணு நிமிஷம் ஆச்சு. இப்ப பதினொண்ணு. ஒரு சுவிட்சத் தொடுறதுக்குள்ள நாலு தடவ தவறுது. ஆஸ்பத்திரிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கா யாரும் வரமாட்டாங்கம்மா."

"அந்த அமைப்புகள் பக்கமே அனுப்புதே, அத நிறுத்த எந்த சுவிட்ச் சார்?"

"அதுக்கு சுவிட்ச் கிடையாதும்மா. உடம்பப் பாத்துக்கிடுங்க."

அழுகைகூட வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் கொட்டுவதென்று தெரியாத ஆத்திரம். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடமாவது ஓட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை, இனி வேலை இல்லாத கணினியைப் பழக்கதோஷத்தில் திறந்து அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். ஏழாவது சுவிட்சில் அம்புக்குறி நிற்கவே மாட்டேனென்றது. பின்னால் சேவியர் வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா," என்றான். பிறகு அவள் தோளுக்கு மேலாக மவுஸை நோக்கிக் கையை நீட்டினான். "நீ எந்திரி. நான் அணைக்கேன்."

அவள் அந்தக் கையைப் பதறித் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க! கிரேன் ஓட்டுத கை. அதையும் அளந்துரும்."

சேவியர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.