மூன்று பேருக்கு ஒரு கல்

ஞாயிற்றுக்கிழமை காலை மொஹசின் நண்பனின் புதுவாயல் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டான். சாப்பாட்டு மேசையில் அமெரிக்க வரைபடம் விரித்திருந்தது. காற்றாடி ஓடியது. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்தான்.

"அதுல ஒக்காராதீங்க அண்ணே," என்றாள் ரம்யா.

நாற்காலியில் ஒரு கல் இருந்தது.

"இன்னாது இது?"

"நாலாவது ஆளு," என்றான் அவள் கணவன் தணிகைவேல்.

"நாம மூணு பேருதானே மச்சி போறோம்?"

"அதுக்குத்தான்."

மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. ரம்யாவின் வீட்டில் அப்படித்தான். வேறு வழி இல்லையென்றால் ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். அதையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்வார்கள். காரியம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். முதல் முறை விசாவுக்குக் கல் இல்லாமல் போனார்கள். மூவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை ரம்யா யாரிடமும் சொல்லாமல் காரில் இந்தக் கல்லை வைத்திருந்தாள். மூவருக்கும் கிடைத்தது. பயணம் முடியும்வரை கல் கூடவே இருக்க வேண்டும்.

"இதுவா வாங்கிக் குடுத்துச்சு? அப்ப நம்ம போட்ட கோட்டு சூட்டெல்லாம் வேஸ்ட்டா?" என்றான் மொஹசின். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ரம்யா தேநீர் கொண்டுவந்தாள். அவன் தன் டம்ளரைக் கல்லின் பக்கம் நகர்த்தினான். "அண்ணாத்த, நாஷ்டா ஆச்சா?"

தணிகைவேல் சிரித்தான். ரம்யாவும் சிரித்தாள்.

தேர்வாய் கண்டிகையில் எடுத்த கல் அது. தணிகைவேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்து மனையைச் சமன்படுத்தி, மண்ணை மேடாகக் குவித்திருந்தார்கள். அந்த மேட்டில் கிடந்தது. கறுப்பு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு முனை கூர்மை.

திட்டம் இதுதான்: டென்வரில் இறங்குவது. காரை வாடகைக்கு எடுத்து வடக்கே போவது. கிராண்ட் டீட்டன் மலைகள், பிறகு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்கே ஒரு பள்ளத்தாக்கில் விடியற்காலையில் ஓநாய்கள் வரும். ரம்யாவுக்கு ஓநாய் பார்க்க வேண்டும். கல்லூரி நாட்களிலிருந்து அது ஒன்றுதான் அவள் கேட்டது. தணிகைவேலிடம் நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை.

"மஞ்சக்கல்லு பார்க்குக்கு ஒரு கல்லு போவுது," என்றான் மொஹசின். "மாமியார் ஊட்டுக்குப் போற மாதிரி."

கடைசி இரண்டு நாளில்தான் சிக்கல். ஓநாய்களுக்கு இன்னும் இரண்டு விடியல் வேண்டும் என்றாள் ரம்யா. இன்னும் வடக்கே போய்ப் பனிமலை ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்றான் மொஹசின்.

"நீ சொல்லு மச்சி."

"என்ன இழுக்காதீங்கபா. ஒருத்தி சோறு போடுறா, ஒருத்தன் மீன் குடுக்குறான்." தணிகைவேல் கல்லை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தான். "நாலாவது ஆளு இருக்கான்ல. அவன் சொல்லட்டும்."

கல்லைச் சுழற்றினான். அது நின்றது. கூர்முனை மொஹசினைப் பார்த்தது.

"தோ பார்! என் கட்சி!"

ரம்யா மறுபடி சுழற்றச் சொன்னாள். மொஹசினைப் பார்த்து நின்றது. மொஹசின் சிரித்தபடி எழுந்து மேசையைச் சுற்றி ரம்யாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். தணிகைவேல் மறுபடி சுழற்றினான்.

கல் மெதுவாகத் திரும்பியது. ரம்யாவைத் தாண்டியது. நின்றது.

மொஹசினைப் பார்த்து.

"என்னப் புடிச்சிப்போச்சு போல," என்றான். இந்த முறை சிரிக்கவில்லை.

அவன் போன பிறகு ரம்யா கல்லை எடுத்து நாற்காலியில் வைத்தாள். காற்றாடிக்கு அடியில் நிழலில் கிடந்த கல். சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த பாறையில் தண்ணீர் ஊற்றினால் எழும் வாசனை வந்தது.

*

அடுத்த ஞாயிறு ஒத்திகை போனார்கள். காரிலிருந்து இறங்காமல் விலங்கு பார்க்கப் பழக வேண்டும். தணிகைவேல் ஓட்டினான். பக்கத்தில் ரம்யா மடியில் தொலைநோக்கி வைத்திருந்தாள். தணிகைவேலுக்குப் பின்னால் மொஹசின். ரம்யாவுக்குப் பின்னால் கல்.

கார் கிளம்பியதும் அலாரம் அடித்தது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அது அடிக்கும்.

"நான் போட்டுக்கினேன்பா," என்றான் மொஹசின்.

நிற்கவில்லை. அவன் கையை நீட்டிக் கல்லின் மேல் பெல்ட்டை இழுத்துப் பூட்டினான்.

நின்றது.

"அர கிலோ கல்லுக்கா அடிக்குது?" என்றான் தணிகைவேல்.

பொன்னேரி தாண்டியதும் மொஹசின் மெல்லிய குரலில் கூப்பிட்டான்.

"மச்சி. சீட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளு."

தள்ளினான்.

"எடம் பத்தல."

ரம்யா திரும்பிப் பார்த்தாள். மொஹசினின் தோள் கதவோடு நசுங்கியிருந்தது. கன்னம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவனுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கு வெறும் சீட்.

"இந்தப் பக்கம் நகருங்க அண்ணே."

"எங்கம்மா நகருறது?"

பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இருந்தன. மொஹசின் பார்க்கவில்லை. கீழே இறங்கிச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடது விலாவில் முழங்கை அளவுக்குக் கன்றியிருந்தது.

"அத ஏரியில போடு தங்கச்சி."

"காரியம் முடியல அண்ணே. நடுவுல போடக் கூடாது. எடுத்த எடத்துலதான் போடணும்."

"உனுக்கு ஓநாய் பாக்கணும். அதான?"

அவள் தொலைநோக்கியின் வாரைச் சுருட்டினாள்.

"நான் இங்கயே ஊட்டுக்குப் போறேன்," என்றான். அவன் வீடும் ஐஸ் கடையும் அந்த ஊரில்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

திரும்பும் வழியில் பின்சீட் பக்கம் ரம்யா பார்க்கவில்லை. அந்த வாசனை மட்டும் கழுத்தின் பின்னால் வந்துகொண்டிருந்தது.

*

மொஹசின் போனை எடுப்பதை நிறுத்தினான். பயணம் நெருங்கியது. ரம்யா அவன் மனைவி உமைராவின் போனுக்குக் கூப்பிட்டு அவனிடம் பேசினாள்.

"நீங்க வராட்டி அவரும் வரமாட்டேங்கறார் அண்ணே. ஏர்போர்ட் வரைக்கும் கல்ல டிக்கியில போட்டுடறோம். நீங்க காலு நீட்டிக்கினு வாங்க."



"டிக்கியில?"

"டிக்கியில."

வந்தான். பயண நாள். காலை வெயில் ஏறியிருந்தது. தணிகைவேல் அவன் கண்முன்னே கல்லை டிக்கியில் வைத்து மூடினான். மொஹசின் பின்சீட்டில் ஏறினான். பக்கத்தில் எதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்துக்கொண்டான். பெல்ட் போட்டான். உமைராவிடம் போனில் ஏதோ பேசிவிட்டு வைத்தான்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

அலாரம் அடித்தது.

தணிகைவேல் கண்ணாடியில் பார்த்தான். ரம்யா நேரே சாலையைப் பார்த்தாள்.

அலாரம் நிற்கவில்லை.

"மச்சி," என்றான் மொஹசின். குரல் நெரிந்திருந்தது. "நிறுத்து."

"லாரி வருதுடா. ஓரம் கட்டுறேன்."

"நிறுத்து. தள்ளுது."

கதவு பூட்டியிருந்தது. ரம்யாவுக்கு அது உறுதியாகத் தெரியும். கிளம்பும்போது நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பின்கதவு திறந்து காற்று உள்ளே அடித்தது.

பிறகு லாரியின் பிரேக்.

அலாரம் நின்றுவிட்டது.

பின்சீட்டைப் பார்த்த காவலர் குனிந்து மறுபடி பார்த்தார். மொஹசினின் பெல்ட் பூட்டியபடியே இருந்தது. "போட்டாரா இல்லியா? பூட்டிட்டு மேல ஒக்காந்துக்கினாரா?" என்று கேட்டார். ரம்யா தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மொஹசினைப் பழவேற்காட்டில் அடக்கம் செய்தார்கள். பெண்கள் இருந்த அறையில் உமைரா ரம்யாவின் கையைப் பிடித்தாள். அழவில்லை.

"பின்னாடி அவரோட யாரு இருந்தாங்க அக்கா?"

"யாரும் இல்லம்மா."

"கிளம்பும்போது போன் பண்ணாரு. நாலு பேரு போறோம், சீட்ல எடமே இல்லன்னாரு."

உமைராவின் பிடி இறுகியது. நகம் பதிந்தது.

"யாரு அக்கா?"

*

"நாம போவலங்க," என்றாள் ரம்யா.

"சரி."

"கல்ல எடுத்த எடத்துல போட்டுடலாம்."

தேர்வாய் கண்டிகைக்குப் போனார்கள். மண்மேடு இல்லை. மேடு இருந்த இடத்தில் புதுக் கொட்டகை எழும்பியிருந்தது. தரை முழுக்கக் கான்கிரீட். காவலாளி வாசலில் நிறுத்தினார்.

"இங்க இருந்த மண்ணு எங்க சார்?" என்றான் தணிகைவேல்.

"எந்த மண்ணு?"

"மேடா கொட்டியிருந்தாங்களே."

"எல்லாம் அடியில போச்சு. இன்னாத்துக்கு?"

தணிகைவேல் கையில் துணி சுற்றிய கல்லோடு நின்றான். ரம்யா கான்கிரீட்டைப் பார்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை. அதற்குத் திரும்பிப் போக இடம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏரிக்குப் போனார்கள். தணிகைவேல் தண்ணீரில் இறங்கி, முழங்கால் ஆழத்திலிருந்து வீசினான். கல் தூரத்தில் விழுந்தது. வட்டங்கள் கரைக்கு வந்தன. கரையோரம் மேய்ந்த பூநாரைகள் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின. ஏரி காலியானது.

காரில் ஏறினார்கள். ரம்யா முன்னே. பின்சீட்டில் ஒன்றும் இல்லை. டிக்கியில் ஒன்றும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அலாரம் அடித்தது.

தணிகைவேல் ஓரம் கட்டினான். இறங்கினான். பின்கதவைத் திறந்து, ரம்யாவுக்குப் பின்னால் இருந்த வெற்று இடத்தின் மேல் பெல்ட்டை இழுத்தான். நெடுக இழுக்க வேண்டியிருந்தது. பூட்டினான். கதவைச் சத்தமில்லாமல் மூடினான்.

அலாரம் நின்றது.

ரம்யா மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். நான். அவர். நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்குக் கல் தேவையில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்திப் பூட்டினார்கள். கதவைத் திறந்து உள்ளே போனார்கள். மாலை வெயில் மேசையில் விழுந்திருந்தது. அவள் சுருட்டி வைத்த வரைபடம் விரிந்து கிடந்தது.

சுவரோர நாற்காலி சற்றுப் பின்னால் இழுபட்டிருந்தது. யாரோ உட்கார இழுப்பதுபோல.

மொஹசின் உட்காரும் நாற்காலியில் ஒரு கல் இருந்தது.

அந்தக் கல் இல்லை. இது பெரியது. பழுப்பு. ஒரு பக்கம் உடைந்த சிப்பி ஒட்டியிருந்தது. ஈரம் நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க எடுத்தாந்தீங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

தணிகைவேல் அவளைப் பார்த்தான். இழுபட்டிருந்த நாற்காலியைப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. எண்ணினான்.

"அதோட சேத்து மூணு," என்றான்.

"போவலன்னு சொல்லிட்டோமே. போவலங்க. எங்கயும் போவல." அவள் அவனிடம் சொல்லவில்லை. அறையிடம் சொன்னாள்.

அந்த வாசனை மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து வெளியே போனது. ரம்யா மூச்சை விட்டாள்.

தணிகைவேலின் கையில் கார்ச் சாவி இருந்தது. விரல்கள் வெளுக்க அதைப் பிடித்திருந்தான்.

வாசலில் பூட்டிக் கிடந்த கார் ஒருமுறை ஹார்ன் அடித்தது.

சற்றுப் பொறுத்து, நீளமாக, மறுபடியும்.