உச்சிப் புத்தகத்தில் இரண்டு பேர்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடுகிற நாட்களை விட நிற்கிற நாட்களே அதிகம். இத்தனைக்கும் ஐந்தாம் மாடியில், எங்கள் தலைக்கு நேர் மேலே குடியிருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருப்பவர்களையெல்லாம் கால் நோகாமல் மேலே அனுப்பிவிட்டு, லீவு கிடைத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தான் மட்டும் மலை ஏறப் போய்விடுவார். இந்தப் பக்கத்து மலைகளில் மிக உயரமான பத்துச் சிகரங்களையும் ஏறிவிட வேண்டும் என்று ஒரு வெறி. நாலு மாடி ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளும். அதனால் அந்த மனிதரின் புத்தியைப் பற்றி நாலு வீட்டில் நான் பேசியிருப்பேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் ஆறு சிகரங்களை மச்சானோடு, அதாவது சம்சாரத்தின் தம்பியோடு ஏறினார். ஏழாவதற்கு நாள் குறித்த வாரம் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடைசியில் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "மீதி நாலையும் பாதியில விட்டுடாதீங்க அத்தான்" என்றானாம். அன்று ராத்திரியே போய்விட்டான்.

ஆகவே ஏழாவதுக்குத் தனியாகப் போனார்.

அவர் திரும்பிய மாலை, நான் வழக்கம்போலத் தற்செயலாக லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து வந்த லிஃப்ட் எங்கள் மாடியில் திறந்தது. முதுகில் மூட்டையோடு உள்ளே நின்றார். ஈர இலையும் குளிர்ந்த கல்லும் கலந்த ஒரு வாடை வெளியே வந்தது.

"நாலாவதை யாருங்க அமுக்கினது?" என்று என்னைக் கேட்டார்.

நான் அமுக்கவில்லை. அவரும் இல்லையாம்.

மறுநாள் மதியம் மூன்று மணி. அவர் வேலைக்குப் போயிருந்தார். சம்சாரமும் தான் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை லேபில். எங்கள் கூரைக்கு மேலே நடை கேட்டது.

டக். அப்புறம் ஒரு இழுப்பு. டக். மறுபடி இழுப்பு.

ஒரு கால் ஊன்றுகிறது. இன்னொன்று பின்னாலேயே இழுபட்டு வருகிறது. எனக்கு முதலில் தோன்றியது வேறு. மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மனிதர் யாரையோ கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன் காதைக் கழட்டிக் கொஞ்ச நேரம் அலமாரியில வை" என்று பேப்பரைப் புரட்டினார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? மேலே போனேன். வெளியே பூட்டுத் தொங்கியது. கதவில் காதை வைத்தேன்.

நடை நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக நின்றது.

கதவிடுக்கு வழியே என் கால் விரல்கள் மேல் குளிர் இறங்கியது. இரண்டிரண்டு படியாகத் தாண்டிக் கீழே வந்தேன். என் முட்டி அப்படியெல்லாம் வேலை செய்யும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எட்டாவது சிகரம் முடிந்த வாரம் அவர் சம்சாரம் என் சமையலறைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. ரகசியமாகச் சொன்னாள்.

"தம்பி வந்திருக்கான்க்கா. நடக்குறது கேக்குது. அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்."

தலையாட்டினேன். ஒன்பதாவது முடிந்த பிறகு மறுபடி வந்தாள். இந்த முறை உட்காரவில்லை.

"அவன் இல்லக்கா."

"எப்படிச் சொல்றே?"

"தம்பி வந்தா நேரா ஃபிரிட்ஜைத்தான் திறப்பான். இது வாசக்கதவு பக்கத்துலயே நின்னுச்சு. அப்புறம் ஹாலுக்கு வந்துச்சு. இப்போ..." குரல் உள்ளே போனது. "இப்போ கட்டில்கிட்ட. அவரு படுக்குற பக்கம். நேத்து அவரு எந்திரிச்சு நடந்தாருக்கா. இடது கால இழுக்கிறாரு. கேட்டா, நான் எங்கடி இழுத்தேன்ங்கிறாரு."

"பத்தாவதுக்குப் போக வேண்டாம்னு சொல்லு."

"தம்பிகிட்டக் கொடுத்த வாக்குங்கிறாரு. போனா திரும்பி வர்றது அவரா இருக்கணுமேக்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்தார். பித்தான் பலகைக்கு மேலே ஒரு சின்னத் திரையை மாட்டியிருந்தார். பெட்டிக்குள் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று அது காட்டும். நான் உள்ளே கால் வைக்கப் போனேன்.

"ஏறாதீங்கக்கா" என்றார். "இதைப் பாருங்க."

தனியாக நின்றுகொண்டிருந்தார். திரையில் நூற்று இருபது.

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மூணு தடவை சரி பார்த்துட்டேன். நான் அறுபத்தெட்டு."

இருவரும் அவருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தோம். அந்த மூலையிலிருந்து ஈர இலை வாடை வந்தது.

அவர் வெளியே வந்தார். திரையில் எண் இறங்கியது. ஐம்பத்திரண்டில் நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் பூஜ்யம் ஆனது.

படியில் உட்கார வைத்து விசாரித்தேன். விசாரிப்பதில் எனக்கு நிகர் நான்தான். ஒவ்வொரு உச்சியிலும் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. ஏறியவர்கள் தேதி, எத்தனை பேர், கையெழுத்து எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்தப் பக்கங்களையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஆறு வரைக்கும் சரி.

ஏழு: இரண்டு பேர். எட்டு: இரண்டு பேர். ஒன்பதும்.

"யாரோட போனீங்க?"

போனைப் பிடுங்கிப் பார்த்தார். உதடு வெளுத்தது. "கைப்பழக்கம்க்கா. ஆறு தடவையும் அப்படித்தானே எழுதினேன்... எழுதினதே தெரியல."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஏழாவது மலையடிவாரத்துக் காவலர் ஒரு கதை சொன்னாராம். பல வருஷத்துக்கு முன் தனியாக ஏறிய ஒருவன் உச்சியில் கால் உடைந்து கிடந்தானாம். தேடிப் போனபோது நோட்டில் அவன் பெயரும், இடது கால் உடைந்துவிட்டது என்று ஒரு வரியும் இருந்தன, ஆள் இல்லை. இறங்கியதாக இன்று வரை எங்கும் பதிவு கிடையாது.

"நான் ரெண்டு பேர்னு எழுதினேன். ரெண்டு பேரும் இறங்கி வந்துட்டோம்."

எனக்கும் பயம்தான். ஆனால் என் வாய் பயப்படவில்லை. அது எப்போதுமே அப்படித்தான்.

"அவ்வளவுதானே? பத்தாவதுல ஒருத்தர்னு தெளிவா எழுதுங்க. இறங்கும்போது ஒருத்தர்தான் வர முடியும். உங்க வாக்கும் நிறைவேறும், அதுவும் அங்கேயே நின்னுடும்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இது எனக்குத் தோணலையேக்கா."

பின்னே? யார் சொன்ன யோசனை!

வெள்ளிக்கிழமை போனார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் போனுக்கே படம் வந்தது. நோட்டில் பத்தாம் சிகரம், தேதி, பெரிய எழுத்தில் "ஒருவர்", கையெழுத்து. மேலே போய்ச் சம்சாரத்திடம் காட்டினேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஞாயிறு மாலை வந்து சேர்ந்தார். கூரைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவரின் நடைதான்.

டக். இழுப்பு. டக். இழுப்பு.

"இறங்குறப்போ கால் பிசகிடுச்சாம்" என்றாள் அவள் மறுநாள். சிரிக்கப் பார்த்தாள்; சரியாக வரவில்லை. "பத்தையும் முடிச்சதுல வாயடைச்சுப் போயிருக்காருக்கா. தம்பி பேரைச் சொன்னேன். யாருன்னு கேக்குற மாதிரி பார்த்தாரு."

களைப்பாக இருக்கும் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

இன்று மதியம் மூன்று மணிக்குக் காய்கறி வாங்கக் கிளம்பி லிஃப்டுக்காக நின்றேன். மேலேயிருந்து வந்து திறந்தது. உள்ளே அவர் நின்றார். தனியாக. வேலை நேரத்தில், வேலை உடுப்பு இல்லாமல். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்த பார்வை இல்லை. அந்தச் சின்னத் திரையை யாரும் கழற்றியிருக்கவில்லை.

ஐம்பத்திரண்டு.

கதவு மூடவில்லை. அவர் இடது காலை இழுத்து, கொஞ்சம் ஒதுங்கி, எனக்கு இடம் விட்டார்.

"வாங்க" என்றார். "ரெண்டு பேரா இறங்கலாம்."