காரியின் கழுத்து மணி

நர்சம்மா வீட்டு நடு அறைக்குள் போனால் உலகத்தையே சுற்றி வந்த மாதிரி இருக்கும். ஜாவாத் தீவின் தோல்பாவை, மெக்சிகோ நாட்டு மண்பறவை, பல்லை இளிக்கும் ஆப்பிரிக்க முகமூடி எல்லாம் கண்ணாடி அலமாரிகளில் இருந்தன.

நர்சம்மாவின் பெயர் செபமாலையம்மாள். பல வருஷம் கப்பலில் நர்சாக இருந்தவர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் சந்தைக்குப் போய், அந்த ஊர் ஜனங்கள் கையால் செய்த பழம்பொருள்களைத் தேடி வாங்குவார். இப்போது வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருந்தார்.

பத்து வயது மருதாத்தாள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடிவிடுவாள். எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. முகமூடியைத் தொடத்தான் தைரியம் வரவில்லை.

ஓர் அலமாரி முழுக்க மாட்டு மணிகள். சுவிட்சர்லாந்து மணி செம்பு அளவுக்குப் பெரியது. பர்மா மணி மரத்தில் குடைந்தது.

"ஏனுங்க நர்சம்மா, எல்லா ஊரு மணியும் இருக்குது. நம்மூரு மணி இல்லீங்களே?"

"நல்ல பழைய மணியா ஒண்ணும் கெடைக்கல கண்ணு."

"எங்க காரி கழுத்துல இருக்குதுங்க. மணிக்கு மேல ரெண்டு கிளிப் பொம்மை உக்காந்திருக்கும்."

அன்று மாலையே நர்சம்மா வந்துவிட்டார். காரி என்பது மருதாத்தாள் வீட்டுக் காளை. மணியை முந்தானையால் துடைத்து, ஆட்டிப் பார்த்தார். கனத்த, இனிய சத்தம். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல மலர்ந்தது.

"என்ற பாட்டன் காலத்து மணிங்க," என்றார் மருதாத்தாளின் அப்பா குப்பண்ணன். "மாட்டுக்கு எந்த மணியா இருந்தா என்ன? புள்ளையும் ஆசைப்படுது. எடுத்துக்குங்க."

மருதாத்தாளே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக நர்சம்மா சந்தையிலிருந்து பளபளவென்று ஒரு புது மணி வாங்கி அனுப்பினார். "உலகத்து மணிகளோட எங்கூட்டு மணியும் இருக்குது," என்று மருதாத்தாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

இரண்டு நாள்தான். சாம்பி என்ற அவர்களுடைய கிழட்டுப் பசு முள்வேலியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எப்போதும் காரியின் பின்னாலேயே மேயப் போய், பின்னாலேயே திரும்பி வரும் பசு அது. அடுத்த நாள் காரி மட்டும் தனியே வந்தது.

மருதாத்தாளும் அப்பாவும் தேடிப் போனார்கள். வாய்க்கால் சேற்றில் சாம்பி நின்றிருந்தது. காலில் ரத்தம். மருதாத்தாள் இறங்கி அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அது இமைக்கவில்லை.

"அப்பா, சாம்பிக்குக் கண்ணு தெரியலீங்க."

குப்பண்ணனும் கையை ஆட்டிப் பார்த்தார். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பருந்து தெரியலையோ. காரியோட பழைய மணிச் சத்தத்தைக் கேட்டுட்டே நடந்திருக்குது. புது மணிச் சத்தம் அதுக்குப் புடிபடல. நாமதான் பாக்காம இருந்துட்டோம்."

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கூடிச் சாம்பியைக் கரையேற்றினார்கள். மறுநாள் காலையில் மருதாத்தாள் நர்சம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"மணியைத் திருப்பிக் குடுங்க நர்சம்மா."

நர்சம்மா மணி அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"ஜெர்மனியில இருந்து என் சிநேகிதி வந்திருந்தா கண்ணு. அவளும் என்னை மாதிரி பழம்பொருள் சேக்குறவ. ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டா. குடுத்துட்டேன். இந்நேரம் விமானம் ஏறியிருப்பா. நீ குடுத்ததை நான் குடுத்திருக்கக் கூடாது."

மருதாத்தாள் தன் கையைப் பார்த்தாள். அவிழ்த்துக் கொடுத்தது அவள் கைதானே.

நர்சம்மா எழுந்து எல்லா மணிகளையும் ஒரு கூடையில் அள்ளினார். இருவரும் மாட்டுக் கொட்டகைக்கு வந்து ஒவ்வொன்றாக ஆட்டினார்கள். சுவிட்சர்லாந்து மணிக்குச் சாம்பி வாலை மட்டும் ஆட்டியது. பர்மா மணியின் 'கொடக் கொடக்'கில் காரி மிரண்டு தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டது. சாம்பி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"இதெல்லாம் ஏதோ ஒரு மாட்டுக் கழுத்துல இருந்ததுதான்," என்றார் நர்சம்மா, கூடையைப் பார்த்தபடி. "அந்த மாடு என்ன ஆச்சுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."

மருதாத்தாள் சாம்பியின் நெற்றியைத் தடவினாள். "பா சாம்பி, பா," என்று மாட்டை அழைக்கும் குரலில் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். சாம்பியின் காதுகள் அவள் பக்கம் திரும்பின. ஓர் அடி வைத்தது. அவள் பேச்சை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

"நான் பேசிட்டே போனா வருமுங்க," என்றாள் மருதாத்தாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் சாம்பிக்கு முன்னே அவள் பேசிக்கொண்டே நடந்தாள். பேசுவதற்கு எதுவும் இல்லாதபோது வாய்ப்பாடு சொன்னாள். பொங்கலுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சாம்பிக்கும் பாடமாகியிருக்க வேண்டும்.

நர்சம்மா ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவே இல்லை.

ஒரு சந்தை நாளில், தூரத்துச் சாலையில் யாருடைய வண்டியோ போனது. அதன் மாட்டு மணி கனத்து ஒலித்தது. சாம்பி சட்டென்று நின்று காதுகளைத் தூக்கியது; கழுத்தை அந்தப் பக்கம் நீட்டியது.

மருதாத்தாள் வாய்ப்பாட்டை நிறுத்தினாள். சாம்பியின் கழுத்துக் கயிற்றை இழுக்கவில்லை. மணிச் சத்தம் முழுவதும் தேய்ந்து, சாம்பியின் காதுகள் தாழும்வரை வரப்பில் காத்து நின்றாள்.

"பா சாம்பி," என்றாள் பிறகு, மெல்ல.

சாம்பி வந்தது.