சுழலாத தட்டு

கணினியை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் அடங்கவில்லை. விசிறி இரைந்து ஓய்ந்து, திரை கறுத்து, பொத்தானுக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியும் அவிந்த பிறகு, தகரப் பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

சூடான தகரம் ஆறுகிறது, வேறென்ன, என்று தங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். அக்கா இறந்துபோன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பிழைப்பு பக்கம் கட்டுவது. பள்ளிக்கூடப் பாடநூல்களுக்கு வீட்டிலிருந்தே பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பாள். அதற்கான பழைய எழுத்துருக்கள் அந்தக் கிழட்டுக் கணினியைத் தவிர வேறெதிலும் ஓடமாட்டோம் என்று அடம்பிடித்தன. அதனால் அக்கா படுத்த படுக்கையானபோது மேசையை அசைக்காமல், அதே அறையில் பக்கவாட்டில் கட்டிலைப் போட்டாள். வேலையும் நடந்தது, அக்காவையும் பார்த்துக்கொண்டாள்.

பக்கவாதம் அக்காவின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு இடது கையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் போடு. மூன்றுக்கு அவர்கள் பொருள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசி நாட்களில் அக்கா மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்தாள். தங்கை திரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அக்காவின் கண் அவள்மேல் இருக்காது. அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு முன்னால், காலியாகக் கிடந்த இடத்தில் நிலைகுத்தி நிற்கும்.

"யாருக்கா? யாரு அங்க?"

டக், டக், டக்.

மூளை குழம்பும்போது இப்படியெல்லாம் வரும் என்றார் டாக்டர். அவளும் நம்பினாள். நம்பாமல் அந்த அறையில் உட்கார்ந்து எப்படி வேலை பார்ப்பது?

இப்போது அதே மூன்றைக் கணினிக்குள்ளிருந்த ஹார்ட் டிஸ்க் தட்டியது. வேலை நடுவில் தட்டியது, அணைத்த பிறகு தட்டியது. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் காலையில் பெட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கணினிக் கடைக்குப் போய், டிஸ்க் தட்டுகிறது, மாற்ற வேண்டும் என்றாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தார்.

"பழசுதான், ஆனா தப்பிச்சீங்க. அந்தக் காலத்துப் பட்டை கேபிள் இல்ல, இப்ப வர்ற சின்ன சாட்டா கேபிள். புது டிஸ்க் சேரும். ரெண்டு டெராபைட்டுக்கு மேல மட்டும் வேணாம், இந்த போர்டுக்கு அடையாளம் தெரியாது."

"சத்தம் போடாதது எதுங்க?"

"எஸ்.எஸ்.டி. அளவு சின்னது, ஒரு தாங்கி வெச்சு முடுக்கிடலாம். ஹார்ட் டிஸ்க்னா உள்ள தட்டு சுத்தும், முள்ளு ஓடும். இதுல அசையறதுக்கே ஒண்ணும் கிடையாது. அதட்டுனாலும் சத்தம் வராது."

"அதையே போடுங்க."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"வேலை முடிஞ்சுதும்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். பழைய டிஸ்க்க மதியம் பூரா ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்ல. ஒரு தடவகூடத் தட்டலையே?"

"உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீடு அமைதியானது. எழுத்துருக்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தன. இரவில் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. பைத்தியக்காரி, ஒரு டிஸ்க்குக்குப் போய் இப்படிப் பயந்தாயே என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் அளவுக்குத் தெம்பு வந்தது.

அப்புறம் ஒரு மழைச் சாயங்காலம். ஜன்னலில் நீர் வழிந்து, தெருவின் வெளிச்சம் சாம்பலாகக் கரைந்து, ஈரச் சுண்ணாம்பின் வாடையோடு வேறொரு வாடையும், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல, பிடரிப் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தபோது, டக், டக், டக் என்று கேட்டது.

சுட்டியை விட்டுவிட்டுக் காது கொடுத்தாள்.

மழைதான். இல்லை. மழை வெளியே. இது பெட்டிக்குள்.

பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி நின்றது. தட்டல் நிற்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, கேபிளை உருவி, திருகுகளைத் திருகி, டிஸ்க்கை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் எடையே இல்லாமல் கிடந்தது. குளிர்ந்து, வாயடைத்து.

டிஸ்க் இல்லாத பெட்டி தட்டியது.

டக், டக், டக்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று இவள் முதுகுக்குப் பின்னால் எதையோ கண்டு தட்டிய அக்கா, இன்னும் எச்சரித்துக்கொண்டிருக்கிறாள். படுக்கையும் இல்லை, கரண்டியும் இல்லை, கையும் இல்லை. ஆனாலும் எதையாவது பிடித்துக்கொண்டு, இவள் காதுக்குப் பக்கத்தில் வந்து தட்டுகிறாள்.

"அக்கா," என்றாள். "திரும்பிப் பார்க்கட்டுமா?"

தட்டல் வெறிபிடித்ததுபோல் வேகமெடுத்தது. மூன்று. மூன்று. மூன்று. தகரம் அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது. பிறகு இரண்டாவது தட்டிலேயே அறுந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்ததுபோல.

மழைச் சத்தமும் இல்லை.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் ஏதோ சாய்ந்தது. பாரமாக.

அவள் திரும்பவில்லை.

நாற்காலியின் சக்கரங்கள் உருண்டன. பின்னோக்கி. மெதுவாக, அவசரமே இல்லாமல். மேசை விளிம்பைப் பற்றினாள். விரல் வழுக்கியது. காலை ஊன்றப் பார்த்தாள். பாதத்துக்குத் தரை தட்டுப்படவில்லை. பின்னால் நாலடியில் சுவர். இந்நேரம் முட்டியிருக்க வேண்டும்.

முட்டவில்லை.

மேசை சிறுத்தது. ஜன்னல் சிறுத்தது. அறை ஒரு தீப்பெட்டி அளவு சாம்பல் வெளிச்சமாகத் தூரத்தில் நின்றது.

சக்கரங்கள் உருண்டுகொண்டே இருந்தன.